பொங்கல் காகிதம்: ஓர் ஏலத்தோட்டக் குடும்பம் எழுதி வைத்த முதலீட்டுக் கொள்கை

எங்கள் வீட்டு பீரோவில் பத்திரக் கட்டுக்கு மேலே ஒரு பச்சை ஃபைல் இருக்கிறது. அதற்குள் இரண்டு தாள்கள். ஒவ்வொரு வருடமும் காணும் பொங்கல் அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மா, தம்பி, தம்பி மனைவி, நான் நான்கு பேரும் உட்கார்ந்து அதை வரி வரியாகப் படிப்போம். வீட்டில் அதற்குப் பெயர் பொங்கல் காகிதம். பெரிய நிதிகளை நிர்வகிப்பவர்கள் இதையே முதலீட்டுக் கொள்கை என்பார்கள். பணம் யாருக்காக, எதற்காக, எதில் எவ்வளவு, எப்போது மாற்றலாம், யார் முடிவு செய்வது என்று முன்கூட்டியே எழுதி வைப்பது, அவ்வளவுதான். இந்த ஜனவரியில் ஏழாவது முறையாகப் படித்தோம்.

நாங்கள் இருப்பது கம்பத்தில். தோட்டம் மலைக்கு மேலே, கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், வண்டன்மேடு பக்கம், நான்கு ஏக்கர் ஏலக்காய். தம்பி விடிவதற்குள் வேலையாட்களோடு ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறுவான், சாயங்காலம் இறங்குவான். வீடும் ரேஷன் கார்டும் தமிழ்நாட்டில், நிலவரி கட்டிய ரசீது கேரளத்து வில்லேஜ் ஆபீஸில் என்று இருக்கிற எத்தனையோ குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நான் ஒரு பள்ளியை நடத்தும் அறக்கட்டளையில் கணக்கு எழுதுகிறேன். அப்பா 2017-இல் காலமான பிறகு வீட்டுக் கணக்கும் என் கைக்கு வந்தது.

இதை எழுத வைத்தது 2019. அதற்கு முந்தைய ஆகஸ்ட்டில் கேரளத்தை வெள்ளம் புரட்டிப் போட்டிருந்தது. தோட்டங்களில் காய் பிடிக்கும் சரம் அழுகியது, பிறகு கோடை காய்ந்தது, காய் குறைந்தது, விலை ஏறியது. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போனது. அன்றைக்கு எங்கள் ஊரில் வேறு பேச்சே இல்லை. அந்த விலை ஏதோ ஒரு நல்ல குவியலுக்குத்தான். எங்கள் காய் நாலாயிரத்தை ஒட்டிப் போனது. அதுவே அப்பா காலத்தில் நினைத்துப் பார்த்திராத விலை.

அடுத்த மாதம் தம்பி பக்கத்தில் இரண்டு ஏக்கரைப் பாட்டத்துக்கு எடுத்தான். ஐந்து வருடக் குத்தகை, முன்பணம் 5 லட்சம். அந்தப் பணம் அம்மா பெயரில் இருந்த வங்கி வைப்பை உடைத்து எடுத்தது. என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னான், ஆனால் அம்மாவுக்கு மறுக்கத் தெரியவில்லை. தீபாவளிக்கு முன்னால் அம்மாவுக்கு மதுரையில் முழங்கால் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தபோதுதான் வைப்பில் பணம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. என் நகையை அடகு வைத்துக் கட்டினோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நானும் தம்பியும் போட்ட சண்டையை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

"விலை நாலாயிரம் நிக்குதுக்கா. இப்ப எடுக்காம எப்ப எடுக்கிறது?" என்று கேட்டான். அவன் கேட்டதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தான். அவனை நிறுத்தி நிதானிக்க வைக்க எங்கள் வீட்டில் எதுவுமே இல்லை.

யோசித்துக்கொண்டே மறுவாரம் வேலைக்குப் போனேன். எங்கள் அறக்கட்டளையில் உபரிப் பணத்தை எதில் போடலாம் என்பதற்கு ஒரு தீர்மானம் இருக்கிறது. வரி விலக்கு வேண்டும் என்றால், அப்போதிருந்த 1961 வருமான வரிச் சட்டத்தின் 11(5) பிரிவு அனுமதித்த வழிகளில் மட்டும்தான் அறக்கட்டளைகள் பணத்தை வைக்கலாம் என்று இருந்தது. தலைவரே ஆசைப்பட்டாலும் அந்தப் பணத்தை எடுத்துப் பக்கத்து நிலத்துக்குக் குத்தகை கொடுக்க முடியாது. கூட்டம் போட வேண்டும், தீர்மானம் எழுத வேண்டும், கையெழுத்து வேண்டும். இத்தனை வருடம் அந்தத் தீர்மானப் புத்தகத்தை நான்தான் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். ஊர்ப் பணத்துக்கு இருக்கிற இந்தக் காவல் அம்மாவின் பணத்துக்கு ஏன் இல்லை என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

2020 பொங்கல் விடுமுறையில் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து எழுதினோம். முதல் நாள் முழுக்க ஒரே ஒரு கேள்வியில் போய்விட்டது: இது யாருடைய பணம்? இதை லேசாகக் கடந்து போகாதீர்கள். எல்லாம் குடும்பப் பணம்தானே என்று தம்பி சொன்னான். நான் ஒவ்வொரு கணக்காக எடுத்து, இது தீர்ந்தால் யாருக்குச் சாப்பாடு நிற்கும் என்று கேட்டேன். அப்படிக் கேட்டதும் தானாகவே பிரிந்தது. அம்மாவின் மாதச் செலவும் மருத்துவமும் ஒன்று. தம்பி மகளின் கல்லூரி, 2029 ஜூனில் தேவைப்படும் பணம், இன்னொன்று. நான் வேலையை விட்ட பிறகு எனக்கும், முதுகு வளையாத வயது வந்ததும் தம்பிக்கும் வேண்டிய பணம் மூன்றாவது. இந்த மூன்றும் ஒரே பையில் கிடந்ததால்தான் குத்தகைக்கு எடுத்த பணம் முழங்காலுக்கு இல்லாமல் போனது.

அம்மாவின் பணத்துக்கு எழுதிய விதி மிகச் சிறியது. பங்குச் சந்தையில் ஒரு ரூபாய்கூட இல்லை. தோட்டத்துக்கும் இல்லை. அந்தப் பருவத்துக் காய் விற்ற பணத்தில் தம்பி 5 லட்சத்தைத் திருப்பி வைத்தான். மொத்தம் 9 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டோம். அப்போது வட்டி 8.6 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை 19,350 ரூபாய். அது வரும் தேதியை அம்மா காலண்டரில் சுழித்து வைப்பார்.

இரண்டாம் நாள் அப்பாவின் நோட்டை எடுத்தோம். அப்பா ஒவ்வொரு விற்பனைச் சீட்டையும் ஒட்டி, பக்கத்தில் எடையும் விலையும் எழுதி வைப்பார். அதையும் தம்பியின் சீட்டுகளையும் சேர்த்துப் பின்னோக்கிப் பார்த்தால் 600 ரூபாய்க்கும் விற்றிருக்கிறோம், 1,400-க்கும் விற்றிருக்கிறோம். 2019-க்கு முந்தைய ஐந்து வருடத்தைக் கூட்டிப் பார்த்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 1,000 ரூபாய். நாலாயிரம் என்பது எங்கள் வாழ்க்கையில் நாலைந்து மாதம் வந்துபோன விலை. அந்த நோட்டின் முன்னால் தம்பி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இங்கேதான் எங்களைப் போன்றவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. முதலீடு பற்றிப் படிக்கும் எல்லா இடத்திலும் நூறிலிருந்து உங்கள் வயதைக் கழியுங்கள், மிச்சத்தைப் பங்கில் போடுங்கள் என்று ஒரு கணக்கு வரும். எனக்கு அப்போது 41 வயது, தம்பிக்கு 38. அந்தக் கணக்குப்படி அறுபது சதவீதம் பங்கு. ஆனால் அது மாதாமாதம் சம்பளம் வருகிறவருக்குச் சொன்னது. எங்களுடைய மிகப் பெரிய சொத்து தோட்டம். அதன் வருமானம் ஒரு வருடம் மூன்று மடங்காகும், ஒரு வருடம் ஒன்றுமில்லாமல் போகும். மழை, வெயில், அழுகல் நோய், ஏல விலை, வளைகுடா நாட்டுக்காரர்கள் வாங்குகிறார்களா இல்லையா என்று அத்தனையும் அதில் இருக்கிறது. ஏற்கெனவே இவ்வளவு ஏற்ற இறக்கத்தைச் சுமந்துகொண்டு, மிச்சப் பணத்தையும் ஏறி இறங்குவதிலேயே வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் இறங்கும் நாளில் என்ன செய்வது? ஆகவே எங்கள் காகிதம் தோட்டத்தில் இருந்துதான் தொடங்குகிறது. முதல் தாளின் மூன்றாவது வரி இது: "தோட்டமே நமது பெரிய பந்தயம். மற்றப் பணம் அந்தப் பந்தயத்தைத் தாங்கி நிற்க வேண்டும்."

அதிலிருந்து இரண்டு விதிகள் பிறந்தன. ஒன்று, தோட்டக் காப்பு. அடுத்த ஒரு வருடத்துக் கூலி, உரம், மருந்து, காய் உலர்த்தும் செலவு, அதோடு தம்பி வீட்டுக்கு ஆறு மாதச் செலவு, மொத்தம் ஏழரை லட்சம் வங்கி வைப்பில் எப்போதும் இருக்க வேண்டும். அது நிறைந்த பிறகுதான் புதிய முதலீடு. இரண்டாவதை ஆயிரம் ரூபாய்க் கணக்கு என்போம். காய் ஆயிரம் ரூபாய்க்கு மேல் எவ்வளவு விற்றாலும் அந்த மேல் பணம் சாதாரண வருமானம் ஆகாது. அதில் பாதி முதலீட்டுக்கு, முப்பது சதவீதம் தோட்டக் காப்புக்கு, இருபது சதவீதம் மனம்போல் செலவுக்கு. அந்த இருபது தம்பி மனைவி கேட்டுச் சேர்த்தது. நல்ல விலை வந்த வருடத்திலும் ஒரு வளையல் வாங்க முடியாது என்றால் இந்தக் காகிதத்தை யார் மதிப்பார்கள் என்று கேட்டாள். அவள் சொன்னது ரொம்பச் சரி. வீட்டில் உள்ளவர்கள் மூச்சு விட இடம் இல்லாத விதி இரண்டு வருடம் தாங்காது.

எனக்கும் தம்பிக்கும் உள்ள நீண்ட காலப் பணம் அப்போது சுமார் 12 லட்சம். பங்கு 50, வட்டி தரும் திட்டங்கள் 40, தங்கம் 10 என்று பிரித்தோம். பங்கு என்றால், ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்குகளை மொத்தமாக வாங்கும் நிஃப்டி 50 குறியீட்டு நிதி மட்டும். தனிப் பங்கு கிடையாது, தோட்ட நிறுவனப் பங்கு கிடையவே கிடையாது. பங்கின் விகிதம் 43-க்குக் கீழே போனாலோ 57-க்கு மேலே போனாலோ மறுபடி 50-க்குக் கொண்டுவர வேண்டும். ஜனவரியிலும் ஜூலையிலும் விகிதம் பார்க்க வேண்டும், சந்தை பெரிதாக விழுந்தால் இடையிலும் பார்க்கலாம்.

பிறகு முடிவெடுக்கும் விதி. 50,000 ரூபாய்க்கு மேல் எதில் போடுவதானாலும், எதிலிருந்து எடுப்பதானாலும் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஃபைலில் வைக்க வேண்டும். ஏழு நாள் கழித்து மூன்று பேர் கையெழுத்து. மருத்துவத்துக்கு மட்டும் இந்த ஏழு நாள் கிடையாது. யாருக்கும் ஜாமீன் கையெழுத்து போடக்கூடாது. ஏழு நாள் பொறுக்காது என்று சொல்லப்படும் எந்தத் திட்டமும் நமக்கு வேண்டாம். இந்தக் கடைசி வரி அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. 2012-இல் ஈமு கோழித் திட்டங்கள் கவிழ்ந்தபோது சொந்தத்தில் ஒருவர் வீட்டை விற்றதை அம்மா பக்கத்தில் இருந்து பார்த்தவர்.

காகிதத்தின் மை காய்வதற்குள் முதல் திருத்தம் வந்தது. வங்கி மூழ்கினால் வைப்புத் தொகைக்குக் கிடைக்கும் காப்பீடு அப்போது ஒருவருக்கு ஒரு வங்கியில் 1 லட்சம்தான். முந்தைய செப்டம்பரில் மும்பையில் ஒரு கூட்டுறவு வங்கியில் பணம் எடுக்கக் கட்டுப்பாடு வந்து மக்கள் வரிசையில் நின்றதைப் பார்த்திருந்ததால், வைப்புகளைப் பல வங்கிகளில் பிரிக்க வேண்டும் என்று எழுதியிருந்தோம். 2020 பிப்ரவரி 4 முதல் அந்த வரம்பு 5 லட்சம் ஆனது. அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம். சரி, இரண்டு வங்கி, இரண்டு பெயர் போதும் என்று திருத்தினேன். இப்படி அரசாங்கம் மாற்றக்கூடிய விஷயங்களை முதல் தாளில் எழுதியது தவறு என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்க நான்கு வருடம் ஆனது.

அடுத்து மார்ச் வந்தது. 23ஆம் தேதி திங்கட்கிழமை சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளி விழுந்து 25,981-இல் முடிந்தது. நாங்கள் பொங்கலுக்கு எழுதும்போது அது 41,000-க்கு மேலே இருந்தது. அதே வாரத்தில் காய் ஏல விற்பனை நின்றிருந்தது, செக்போஸ்ட்டை அடைத்திருந்தார்கள், தம்பியால் தோட்டத்துக்குப் போக முடியவில்லை. ஸ்டோரில் மூன்று மூட்டைக் காய் விற்காமல் கிடந்தது. தோட்டக் காப்பில் மூன்றில் ஒரு பங்குதான் நிறைந்திருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இறங்கும் நாள் என்று பேனா பிடித்து எழுதினோமே, அது பத்து வாரத்தில் வந்து வாசலில் நின்றது.

கணக்குப் போட்டேன். பங்கு 6 லட்சம் 3.8 லட்சம் ஆகியிருந்தது. மொத்தம் 9.8 லட்சத்தில் அது 39 சதவீதம் கூட இல்லை. விதிப்படி 1.1 லட்சத்தை வட்டித் திட்டத்தில் இருந்து எடுத்துப் பங்கில் போட வேண்டும். தம்பி எல்லாவற்றையும் விற்றுக் கையில் வைக்கலாம் என்றான். அவன் கேட்டது நியாயமான பயம். இரவு முழுக்க அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விற்பது என்றாலும் ஏழு நாள் காத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த ஏழு நாள் எங்களை விற்க விடவில்லை. வாங்குவதில் விதியை நான் முழுதாகச் செய்யவில்லை. 40,000 மட்டும் மாற்றினேன், அதற்கு மேல் கை போகவில்லை. அதையும் மறைக்காமல் தாளின் ஓரத்தில் எழுதி வைத்தேன்: "விதி 1,10,000. செய்தது 40,000. காரணம் பயம்."

அந்த டிசம்பர் முடிவில் சென்செக்ஸ் 47,000-ஐத் தாண்டியது. காகிதம் எதையோ முன்கூட்டிச் சொல்லிவிட்டது என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். சந்தை இன்னும் இரண்டு வருடம் கீழேயே கிடந்திருந்தாலும் நாங்கள் எழுதியது அதேதான். எனக்கு அதில் கிடைத்த பாடம் வேறு. மனிதர்களால் செய்ய முடியாத அளவு விதி எழுதினால் அது தாளில்தான் இருக்கும். அடுத்த பொங்கலுக்கு அந்த விதியைத் திருத்தினோம்: விகிதத்தைச் சரி செய்யும் தொகையை மூன்று பாகமாக, மாதம் ஒன்றாக மாற்ற வேண்டும். கணக்கில் இது சிறந்த வழியா என்று யாராவது கேட்டால் வாதாட மாட்டேன். எங்களால் செய்ய முடிகிறது, அது போதும்.

2020 பருவத்தில் காய் 1,400-ஐ ஒட்டி விற்றது. தோட்டக் காப்பு நிறைந்தது. நல்ல வேளை. 2021-இல் விலை ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. அந்த வருடம் மழையும் விடவில்லை, அழுகல் வந்தது. 750 கிலோ காயை 850-ஐ ஒட்டி விற்றோம். ஆறரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது, செலவு ஆறரை லட்சம். தம்பி வீட்டுக்கு ஒரு ரூபாய் மிஞ்சவில்லை. பாட்டத்துக்கு எடுத்த இரண்டு ஏக்கர் நிலைமை இன்னும் மோசம். மூன்றாவது வருடமே விட்டுவிட்டு வந்தோம். முன்பணத்தில் பெரும் பகுதி போனது. அந்த நாட்களில் சுற்றிலும் நகைக் கடனுக்கு நின்றவர்களைப் பார்த்தேன், உரம் போடாமல் தோட்டத்தை விட்டவர்களைப் பார்த்தேன். ஒரு வருடம் உரம் போடாமல் விட்டால் அடுத்த வருடத்துச் சரமும் போய்விடும். எங்களுக்குத் தோட்டக் காப்பு இருந்தது. வைப்பில் இருந்து எடுத்து உரம் போட்டோம், வீட்டுக்கும் எடுத்தோம். நிஃப்டி நிதியில் கை வைக்கவில்லை, அம்மாவின் பணத்தைத் தொடவில்லை. வட்டி குறைவாகத் தருகிறது என்று எல்லோரும் ஏளனமாகப் பார்க்கும் வங்கி வைப்புதான் எங்களுக்கு அந்த இரண்டு வருடம் சோறு போட்டது. இந்த ஒரு விதிக்காகவே மொத்தக் காகிதத்தையும் எழுதலாம் என்று சொல்வேன்.

2023 ஏப்ரலில் கடன் நிதிகளின், அதாவது கடன் பத்திரங்களில் பணம் போடும் மியூச்சுவல் ஃபண்டுகளின், வரி மாறியது. அதற்குப் பிறகு போடும் பணத்தின் லாபத்துக்குப் பணவீக்கத்தைக் கழித்துக் கணக்கிடும் சலுகை இல்லை. எங்கள் முதல் தாளில் "வட்டித் திட்டம் என்றால் குறுகிய காலக் கடன் நிதி" என்று எழுதியிருந்தது. தங்கம் என்றால் தங்கப் பத்திரம் மட்டும் என்றும் எழுதியிருந்தோம். ரிசர்வ் வங்கி வழியாக அரசு வெளியிட்ட அந்தப் பத்திரத்தின் கடைசி வெளியீடு 2024 பிப்ரவரியில் வந்தது, அதோடு நின்றது. திருத்தித் திருத்தி முதல் தாள் மருந்துச் சீட்டு போல் ஆகிவிட்டது. அம்மா வாசிக்க முடியவில்லை என்றார்.

அப்போதுதான் இரண்டு தாளாகப் பிரித்தேன். யாராவது புதிதாக எழுதுவதானால் முதலிலேயே இதைச் செய்துவிடுங்கள். முதல் தாளில் யாருக்காக, எதற்காக, எந்த விகிதம், யார் கையெழுத்து என்பது மட்டும். திட்டங்களின் பெயர், வங்கியின் பெயர், வரி, வட்டி, வரம்பு எல்லாம் இரண்டாம் தாளில். இரண்டாம் தாளை வருடா வருடம் புதிதாக எழுதலாம். முதல் தாளைத் திருத்த வேண்டுமானால் எழுதிக் கொடுத்து முப்பது நாள் காத்திருக்க வேண்டும். சந்தையோ காய் விலையோ பெரிதாக ஏறிய மாதத்திலும் விழுந்த மாதத்திலும் முதல் தாளைத் தொடவே கூடாது. பழைய தாளைக் கிழிக்காமல் தேதி போட்டுப் பின்னால் சொருகி வைக்கிறோம். 2020-இல் ஏன் அப்படி நினைத்தோம் என்பது இப்போது தெரிவதற்கு அதுதான் வழி.

2024 ஜூலையில் விகிதம் பார்த்தபோது பங்கு 61-இல் நின்றது. விற்க வேண்டும் என்று தாள் சொன்னது. சந்தை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. தம்பியின் சிநேகிதர்கள் சிறு நிறுவனப் பங்கு நிதிகளில் போட்டு இரட்டிப்பாக்கியதாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏறும்போது விற்பது இறங்கும்போது வாங்குவதை விடக் கடினமாக இருந்தது, இதை நான் எதிர்பார்க்கவில்லை. இறங்கும்போது பயத்தை மட்டும் அடக்கினால் போதும். ஏறும்போது மற்றவர்கள் பெருகிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே நாம் குறைக்க வேண்டும். துண்டு எழுதி வைத்து ஏழு நாள் போவதற்குள் ஜூலை 23 பட்ஜெட் வந்தது. பங்கு லாபத்துக்கு நீண்ட கால வரி 12.5 சதவீதம், வருடத்துக்கு 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை என்று ஆனது. என் பெயரிலும் தம்பி பெயரிலும் பிரிந்து இருந்ததால் இருவருக்கும் அந்த 1.25 லட்ச வரம்புக்குள்ளேயே மூன்று பாகமாக விற்று முடித்தோம். அப்பா காலத்தில் எல்லாம் ஒரே பெயரில் இருந்தது. குடும்பத்தில் யார் பெயரில் எது என்பதையும் இரண்டாம் தாளில் யோசித்து எழுதுவது எவ்வளவு பயன் தரும் என்று அன்றைக்குக் கண்டேன்.

அதே வருடம் எங்கள் ஆயிரம் ரூபாய்க் கணக்கு தவறு என்று தெரிந்தது. 2024 கோடையில் இடுக்கி வெயில் ஏலச் செடிகளைக் கருக்கிவிட்டது. ஏலம் நிழலிலும் ஈரத்திலும் வாழும் செடி. எங்களுக்கு ஏறக்குறைய பாதித் தோட்டம் போனது. விலை 2,000-க்கு மேல் ஏறியது. பருவத்தில் 380 கிலோ காய், சராசரி 2,300 ரூபாய், ஏறக்குறைய எட்டே முக்கால் லட்சம். எங்கள் விதிப்படி கிலோவுக்கு 1,300 மேல் பணம், அதாவது கிட்டத்தட்ட 5 லட்சம் உபரி என்று கணக்கு சொன்னது. ஆனால் புதிதாகத் தட்டை, அதாவது ஏலக் கன்று, வாங்கி நடவும், நிழல் வலை கட்டவும் சேர்த்துச் செலவு 9 லட்சம். கையில் இருந்து போட்டிருக்கிறோம், விதியோ உபரியைப் பிரி என்கிறது. ஐந்து வருடமாக அந்த விதி விலையை மட்டும் பார்த்தது, எடையைப் பார்க்கவில்லை. விலை ஏறுவதே காய் குறைவதால்தான் என்பது மலையில் இருக்கிற குழந்தைக்கும் தெரியும். எழுதிய எனக்கு அப்போது தோன்றவில்லை. 2025 பொங்கலில் மாற்றி எழுதினோம்: செலவெல்லாம் போகக் கையில் நிற்கும் பணம் நான்கரை லட்சத்தைத் தாண்டினால், தாண்டியது மட்டும் உபரி.

அந்த ஜனவரியில்தான் அம்மாவின் ஐந்து வருடத் திட்டமும் முதிர்ந்தது. 8.2 சதவீதத்தில் மறுபடி போட்டோம். அதில் யாருக்கும் இரண்டாவது யோசனை வரவில்லை.

ஃபைலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்பா இறந்தபோது ஒரு வைப்புக்கு நாமினி எழுதவில்லை. வாரிசுச் சான்று, எல்லோருடைய கையெழுத்து, நடை என்று அந்தப் பணம் கைக்கு வர ஏழு மாதம் ஆனது. அதனால் இரண்டாம் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு கணக்கின் பெயர், கிளை, நாமினி யார், பாஸ்புக் எந்த அறையில் என்று எழுதியிருக்கிறேன். கடவுச்சொல் எழுதவில்லை. எனக்கு ஏதாவது ஆனால் முதல் மூன்று மாதம் எதையும் விற்க வேண்டாம், எந்த வைப்பில் இருந்து வீட்டுச் செலவுக்கு எடுக்க வேண்டும் என்று தம்பி மனைவிக்கு நான்கு வரி இருக்கிறது. அவள் அதைச் சத்தமாகப் படிக்க மாட்டாள், அந்த இடம் வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவாள். ஆனால் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

இந்தப் பொங்கலுக்குக் கல்லூரிப் பணத்தில் முதல் மூன்றில் ஒரு பங்கைப் பங்கு நிதியில் இருந்து எடுத்து வைப்பில் போட்டோம். அடுத்த வருடம் ஒன்று, அதற்கடுத்த வருடம் ஒன்று. 2029 ஜூனில் சந்தை எப்படி இருந்தாலும் அவளுக்குக் கட்டணம் இருக்கும்.

எழுந்திருக்கும்போது தம்பி ஒரு துண்டுத் தாளை நீட்டினான். தோட்டத்தின் மேல் மூலையில் ஒரு படுதாக் குளம் வெட்ட வேண்டும், 3 லட்சம் ஆகும், இனி ஒரு 2024 வந்தால் செடிக்குத் தண்ணீர் வேண்டும் என்று எழுதியிருந்தான். மழைத் தண்ணீரைப் படுதா விரித்த குளத்தில் தேக்கிக் கோடையில் விடுவது மலையில் பலரும் செய்வதுதான். அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது தோட்டச் செலவா, முதலீடா? செலவு என்றால் தோட்டக் காப்பில் இருந்து எடுக்க வேண்டும், அது அடுத்த மழை வரை குறையாக நிற்கும். முதலீடு என்றால் ஏற்கெனவே பெரிய பந்தயமாக இருக்கிற தோட்டத்தில் இன்னும் கூட்டுகிறோம். பந்தயத்தையே பாதுகாக்கிற பணம் இது என்று தம்பி மனைவி சொல்கிறாள். எங்கள் காகிதத்தில் இதற்கு வரி இல்லை.

துண்டில் தேதி போட்டு ஃபைலில் வைத்தேன். ஏழு நாள் முடிவதற்குள் அப்பாவின் நோட்டில் எந்தெந்தக் கோடையில் காய் குறைந்திருக்கிறது என்று நான் எடுத்துப் பார்க்க வேண்டும். குளம் வெட்டியவர்கள் இரண்டு பேரிடம் செலவும், 2024-இல் அவர்களுக்கு எத்தனை செடி தப்பியது என்றும் தம்பி கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும்.